முதலில் நிற்க வேண்டிய கட்டடங்கள்

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 6.13-க்கு ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் வட்டாரத்தில் நிலம் அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 4.1 எனப் பதிவான அந்த நிலநடுக்கத்தை நெகிரி செம்பிலான், மலாக்கா, தென் பகாங் ஆகிய இடங்களில் இருந்தவர்களும் உணர்ந்தனர். அடுத்த சில நாள்களில் சிகாமட், யோங் பெங் பகுதிகளில் மேலும் சில சிறிய அதிர்வுகள் பதிவாயின. உயிரிழப்பு ஏதும் இல்லை. அது விடுமுறை நாள் என்பதால் வகுப்பறைகளிலும் மாணவர்கள் இல்லை.

சில நாள்களுக்கு இதுவே பேச்சாக இருந்தது. பிறகு பேச்சு ஓய்ந்தது. ‘சின்ன ஆட்டம்தானே, ஒன்றும் ஆகவில்லையே’ என்ற நிம்மதி பலரிடம் நிலைத்துவிட்டது. நிம்மதி கொள்வதில் தவறில்லை. ஆனால், அந்த அதிர்வு எழுப்பிய கேள்விக்கு விடை காணாமல் அதை மறந்துவிடுவது தவறு. ஒருவேளை இதைவிட வலிய அதிர்வு வந்தால், ஜொகூரில் எந்தக் கட்டடங்கள் கட்டாயம் தாக்குப்பிடிக்க வேண்டும்? அவற்றைக் காக்க இப்போதே என்ன செய்ய வேண்டும்?

ஆபத்து எவ்வளவு?

தீபகற்ப மலேசியா புவித்தட்டுகளின் விளிம்பில் அமையவில்லை. அதனால்தான் ஜப்பானும் இந்தோனேசியாவும் அடிக்கடி சந்திக்கும் பெரும் நிலநடுக்கங்கள் இங்கு நிகழ்வதில்லை. இந்த உண்மையை மறைத்து மக்களை அச்சுறுத்துவது பொறுப்பான செயலாகாது. ஆயினும், ‘குறைவு’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல. 1980-களில் திரங்கானு மாநிலத்தின் கென்யீர் அணைப் பகுதியில் சிறு அதிர்வுகள் பதிவாயின. 2007 முதல் 2009 வரை பகாங் மாநிலத்தின் புக்கிட் திங்கி பகுதி பலமுறை அதிர்ந்தது. ஜொகூர் நிலத்தின் அடியிலும் மெர்சிங் பிளவு போன்ற பழைய நிலப்பிளவுகள் உள்ளன.

சபாவின் அனுபவம் இன்னும் கடுமையானது. 2015-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், ரானாவ் பகுதியில் 6.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். பள்ளிகள் உட்படப் பல கட்டடங்கள் சேதமடைந்தன. 4.1-க்கும் 6.0-க்கும் இடையே எண்ணளவில் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், அளவுகோலில் ஓர் எண் கூடும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு பெருகுகிறது. அக்கணக்கின்படி, ரானாவில் வெளிப்பட்ட ஆற்றல் சிகாமட்டில் வெளிப்பட்டதைப் போல் ஏறத்தாழ 700 மடங்காகும்.

அருகில் நிகழும் நிலநடுக்கம் மட்டுமே ஆபத்து என்று எண்ணுவதும் சரியன்று. சுமத்திராவில் நிகழும் பெரும் நிலநடுக்கங்களின் அலைகள் கடல் கடந்து ஜொகூரையும் எட்டுகின்றன. 2005-ஆம் ஆண்டு நியாஸ் தீவு நிலநடுக்கத்தின்போதும், 2009-ஆம் ஆண்டு பாடாங் நிலநடுக்கத்தின்போதும் தீபகற்பத்தின் உயர்மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்து வெளியேறினர். தொலைவிலிருந்து வரும் அலைகள் மெதுவாக ஆட்டுபவை. அவை உயர்ந்த கட்டடங்களையே அதிகம் அசைக்கும். மேலும், மென்மையான களிமண் நிலம் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், மெக்சிகோ நகரம் இதற்குக் கொடுத்த விலை பெரிது. நிலநடுக்க மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும், பழைய ஏரிப்படுகையின் மீது எழுந்த அந்நகரில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். இடிந்த கட்டடங்களுள் மருத்துவமனைகளும் இருந்தன. ஜொகூரின் மேற்குக் கரையோரத்திலும் மென்மையான கடற்களிமண் பரவிக் கிடக்கிறது என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருவகைக் கட்டடங்கள்

ஜொகூரில் உள்ள எல்லா வீடுகளையும் கடைகளையும் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி மாற்றியமைக்க முடியாது. அதற்குப் பணமும் போதாது. ஆபத்தின் அளவும் அதை வேண்டி நிற்கவில்லை. ஆகவே, முன்னுரிமை வேண்டும். இருவகைக் கட்டடங்கள் அந்த முன்னுரிமைக்கு உரியவை.

பேரிடர் நிகழ்ந்த மறுநிமிடமே வேலை செய்ய வேண்டியவை முதல் வகை. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், மின் நிலையம், நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், தொலைத்தொடர்பு நிலையம், துயர்துடைப்பு மையமாகப் பயன்படும் பள்ளி மண்டபம் ஆகியவை இதில் அடங்கும். உடைந்தால் தனக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்துக்கும் கேடு விளைவிப்பவை இரண்டாம் வகை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எரிவாயுக் கிடங்கு, வேதிப்பொருள் தொழிற்சாலை, அணை ஆகியவை இதைச் சேர்ந்தவை.

ஒரு கடை சேதமடைந்தால் அதன் உரிமையாளர் நட்டமடைவார். ஒரு மருத்துவமனை செயலிழந்தால், காயமடைந்த அனைவரும் பாதிக்கப்படுவர். ஓர் எரிவாயுக் கிடங்கு வெடித்தால், நிலநடுக்கத்தில் தப்பியவர்களும் அதில் சிக்கிக்கொள்வர். இவ்விரு வகைக் கட்டடங்களுக்குச் செலவிடும் ஒவ்வொரு வெள்ளியும் ஆயிரக்கணக்கானோரைக் காக்கும். பொறியியல் தர விதிகளும் இதே எண்ணத்தின் அடிப்படையிலேயே கட்டடங்களை வகைப்படுத்துகின்றன. சாதாரணக் கட்டடம் மக்கள் வெளியேறும் வரை இடியாமல் நின்றால் போதும் என்றும், மருத்துவமனை போன்ற கட்டடம் அதைவிட வலிய அதிர்வையும் தாங்க வேண்டும் என்றும் அவை எதிர்பார்க்கின்றன.

கட்டடம் நின்றால் மட்டும் போதுமா?

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், இந்தியாவின் குசராத் மாநிலத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். காயமடைந்தோரைத் தூக்கிக்கொண்டு புஜ் நகரின் மாவட்ட மருத்துவமனைக்கு ஓடியவர்கள் அங்கே கண்டது இடிபாடுகளை. மருத்துவமனையே சரிந்து கிடந்தது. நோயாளிகளும் பணியாளர்களும் அதன் அடியில் சிக்கியிருந்தனர். உதவி அதிகம் தேவைப்பட்ட அந்த நேரத்தில், உதவ வேண்டிய இடமே உதவி தேடி நின்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இப்பாடத்தை அதற்கு முன்பே கற்றது. 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், புதிதாகத் திறக்கப்பட்ட ஆலிவ் வியூ மருத்துவமனை மீண்டும் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சேதமடைந்தது. அதன் விளைவாக 1973-இல் மருத்துவமனைகளுக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. ஆலிவ் வியூ மருத்துவமனையும் மிக உறுதியாக மீண்டும் எழுப்பப்பட்டது.

1994-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் அந்தப் புதிய கட்டடத்தைச் சோதித்தது. தூண்களும் உத்திரங்களும் உறுதியாக நின்றன. ஆனால், கூரைக்குள் சென்ற தண்ணீர்க் குழாய்கள் உடைந்து மாடிகளில் நீர் கொட்டியது. நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. கட்டடம் வென்றது, மருத்துவமனை தோற்றது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை எளியது. கட்டடத்தின் எலும்புக்கூடு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. குழாய், மின்கம்பி, மின்தூக்கி, உயிர்வளிக் கலன், மருந்து அலமாரி, மேற்கூரைப் பலகை, மின்னாக்கி ஆகியவையும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். இவற்றைக் காக்கப் பெரும் பணம் தேவையில்லை. அலமாரியைச் சுவரோடு திருகாணி கொண்டு பிணைக்கலாம். உயிர்வளிக் கலன்களைச் சங்கிலியால் கட்டலாம். குழாய்களுக்கு வளைந்து கொடுக்கும் இணைப்புகளைப் பொருத்தலாம். சிறிய அதிர்வில்கூட முதலில் விழுபவை இத்தகைய பொருள்களே. ஜொகூர் போன்ற இடத்துக்கு மிகவும் பொருந்தும் பாதுகாப்பும் இதுவே.

வாளித் தண்ணீரும் எண்ணெய்த் தொட்டியும்

இரண்டாம் வகைக் கட்டடங்கள் ஜொகூரில் குறைவில்லை. கோத்தா திங்கி மாவட்டத்தின் பெங்கெராங்கில் நாளொன்றுக்கு 300,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை இயங்குகிறது. பாசீர் கூடாங்கிலும் தஞ்சோங் லங்சாட்டிலும் வேதிப்பொருள் தொழிற்சாலைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு அருகிலேயே தாமான்களும் பள்ளிகளும் இருக்கின்றன.

ஒரு வாளி நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடப்பவர், ஒரே சீராக அடி வைத்தால்கூடத் தண்ணீர் தளும்பிச் சிந்துவதைக் கண்டிருப்பார். நடையின் வேகமும் தண்ணீர் அசையும் வேகமும் ஒத்துப்போவதே அதற்குக் காரணம். தொலைவில் நிகழும் நிலநடுக்கத்தின் மெதுவான அலைகள், பெரிய எண்ணெய்த் தொட்டிகளை இவ்வாறே தளும்பச் செய்கின்றன. 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு அருகே கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள தொமகொமாய் நகரில், தொட்டிகளின் மீது மிதக்கும் கூரைகள் எண்ணெயின் தளும்பலால் சேதமடைந்தன. இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அருகில் நிலநடுக்கம் நிகழாவிட்டாலும் தொட்டி எரியக்கூடும் என்பதற்கு இது சான்று. சுமத்திராவை எதிரே கொண்டுள்ள ஜொகூர் மறக்கக்கூடாத சான்றும் இதுவே.

துருக்கியில் நேர்ந்தது இதைவிடக் கொடியது. 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் நிகழ்ந்த இஸ்மித் நிலநடுக்கத்தில் அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தீப்பற்றியது. ஆலைக்கு நீர் கொண்டுவரும் குழாயும் உடைந்ததால், தீயணைப்பு வீரர்களுக்குப் போதிய நீர் கிடைக்கவில்லை. தீ பல நாள் எரிந்தது. இடிபாடுகளில் சிக்கியவர்களைத் தேட வேண்டிய பகுதிகளிலிருந்தும் மக்களை வெளியேற்ற வேண்டிய நிலை உருவானது. ஒரு விபத்து இன்னொரு விபத்தைப் பிறப்பித்தது.

வேதிப்பொருள் கசிந்தால் என்ன ஆகும் என்பதை ஜொகூர் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பாசீர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டப்பட்ட வேதிக்கழிவு பல்லாயிரம் பேரைப் பாதித்தது. மூச்சுத்திணறலால் மாணவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பில்லை. ஆனால், ஓரிடத்தில் வெளிப்படும் நச்சு எவ்வளவு விரைவாக ஓர் ஊரையே முடக்கும் என்பதை அது காட்டிவிட்டது.

மலேசியாவில் பேரபாயத் தொழிற்சாலைகள் அவசரகாலத் திட்டம் வகுக்க வேண்டும் என்பதற்கான விதிமுறைகள் 1996 முதல் நடைமுறையில் உள்ளன. அத்திட்டங்களில் தீ, வெடிப்பு, கசிவு ஆகியவற்றோடு நிலநடுக்கமும் இடம்பெற வேண்டும். நிலம் அதிர்ந்தவுடன் எந்தக் குழாயின் அடைப்பிதழ் தானாக மூடிக்கொள்ளும்? எந்தத் தொட்டியை யார் சோதிப்பார்? தண்ணீர்க் குழாய் உடைந்தால் தீயணைக்க மாற்று நீர் எங்கிருந்து வரும்? இக்கேள்விகளுக்கு விடை எழுத்து வடிவில் இருக்க வேண்டும்.

மின்னாக்கி எங்கே இருக்கிறது?

2011-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், ஜப்பானைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தில் புகுஷிமா அணுமின் நிலையத்தின் இயங்கிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் அவசர மின்னாக்கிகள் இயங்கத் தொடங்கின. அதுவரை எல்லாம் திட்டமிட்டபடியே நடந்தது. பின்னர் வந்த ஆழிப்பேரலை, கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டிருந்த மின்னாக்கிகளை மூழ்கடித்தது. உலைகளைக் குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் போனதால் பெருவிபத்து நேர்ந்தது.

அதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் ஆழிப்பேரலை தாக்கியது. கடல்நீர், நீரேற்றுக் கூடத்துக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த அலகு உடனே பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. நிலையத்தின் முக்கியப் பகுதிகள் உயரமான தளத்தில் அமைந்திருந்ததால் அவை தப்பின. இரு நிலையங்களையும் தாக்கிய அலைகளின் உயரம் ஒன்றல்ல. என்றாலும், எந்தப் பொருளை எந்த உயரத்தில் வைப்பது என்னும் முடிவு, ஆபத்து வேளையில் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

ஜொகூரில் அணுமின் நிலையம் இல்லை. ஆனால், மருத்துவமனைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் பெருகிவரும் தரவு மையங்களிலும் மின்னாக்கிகள் உள்ளன. அவை தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டுள்ளனவா? வெள்ளம் எட்டாத உயரத்தில் உள்ளனவா? எரிபொருள் குழாய் ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்குமா? இவற்றைச் சோதிக்க நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ரப்பர் தரும் பாதுகாப்பு

புதிதாகக் கட்டப்படும் முக்கியக் கட்டடங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கட்டடத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையே ரப்பர்த் தாங்கிகளைப் பொருத்துவதே அது. மெல்லிய ரப்பர் அடுக்குகளையும் எஃகுத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டிச் செய்யப்படும் இத்தாங்கி, கட்டடத்தின் பெரும் எடையை மேலிருந்து தாங்கும். நிலம் பக்கவாட்டில் ஆடும்போது ரப்பர் வளைந்து கொடுக்கும். அதனால் நிலம் விரைவாக அதிர்ந்தாலும் மேலே உள்ள கட்டடம் மெதுவாகவே அசையும்.

1994-ஆம் ஆண்டு, ஆலிவ் வியூ மருத்துவமனையைக் காலி செய்ய வைத்த அதே நிலநடுக்கத்தின்போது, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இத்தகைய தாங்கிகளின் மீது நின்ற பல்கலைக்கழக மருத்துவமனை இடையறாது இயங்கியது. புஜ் நகரில் இடிந்த மருத்துவமனைக்கு மாற்றாக எழுந்த புதிய மருத்துவமனையும் ரப்பர்த் தாங்கிகளின் மீதே நிற்கிறது.

இத்தொழில்நுட்பத்தின் வரலாற்றில் மலேசியாவுக்கும் இடமுண்டு. மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆதரவில் இங்கிலாந்தில் இயங்கிய ஆய்வு நிலையம், அதிர்வை உள்வாங்கும் இயற்கை ரப்பர்த் தாங்கிகளை உருவாக்கியது. 1985-இல் கலிபோர்னியாவில் கட்டி முடிக்கப்பட்ட ஒரு நீதிமன்றக் கட்டடம் அத்தாங்கிகளைப் பயன்படுத்தியது. அமெரிக்காவில் இம்முறையில் எழுந்த முதல் கட்டடம் அதுவே. 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலத்திலும் இயற்கை ரப்பர்த் தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன.

சிகாமட், லாபிஸ், குளுவாங் வட்டாரங்களின் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இப்பாடத்தைப் படிக்கக்கூடும். அவர்களின் முன்னோர் உழைப்பால் வளர்ந்த ரப்பர்த் தொழில், உலகின் பல மருத்துவமனைகளையும் பாலங்களையும் தாங்கும் அறிவுக்கு வழி வகுத்தது. பிற நாடுகளின் கட்டடங்களைக் காக்கும் அந்த அறிவு, மலேசியாவின் புதிய மருத்துவமனைகளைத் திட்டமிடும்போதும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும்.

செலவு வீணாகுமா?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கருத்துகளைப் புறந்தள்ளிவிட முடியாது. சிகாமட் மக்களை அடிக்கடி வாட்டுவது வெள்ளம். எப்போதோ வரக்கூடிய நிலநடுக்கத்துக்குப் பணத்தைச் செலவிடுவதைவிட, வந்துகொண்டே இருக்கும் வெள்ளத்தைத் தடுக்க அதைப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவமனைகளில் கட்டில்களும் மருத்துவர்களும் போதாத நிலையில், சுவரை வலுப்படுத்துவது அவசியமா என்றும் கேட்கலாம்.

இக்கேள்விகள் நியாயமானவை. ஆயினும், வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் தேவைப்படும் ஏற்பாடுகள் பல இடங்களில் ஒன்றாகவே உள்ளன. உயரத்தில் உறுதியாகப் பிணைக்கப்பட்ட மின்னாக்கி இரண்டு பேரிடர்களிலும் உதவும். வெள்ளத்தின்போது மக்கள் தஞ்சமடையும் பள்ளி மண்டபமே நிலநடுக்கத்தின்போதும் தஞ்சமளிக்கும். மாற்று நீர், மாற்றுத் தொலைத்தொடர்பு, பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியவை எந்தப் பேரிடரிலும் வீணாவதில்லை.

செலவைப் பொறுத்தவரை, காலம் தாழ்த்துவதே பெருஞ்செலவு. ஒரு கட்டடத்தின் வரைபடத்திலேயே நிலநடுக்கப் பாதுகாப்பைச் சேர்த்துவிட்டால் கூடுதல் செலவு சிறிதே. கட்டி முடித்து, நோயாளிகள் நிறைந்த பிறகு தூண்களை உடைத்து வலுப்படுத்துவது பன்மடங்கு கடினம். ‘கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம்’ என்னும் பழமொழி கட்டடங்களுக்கும் பொருந்தும்.

எங்கிருந்து தொடங்குவது?

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான மலேசியத் தரத்தின் தேசிய இணைப்பு 2017-இல் வெளியிடப்பட்டது. இது பாராட்டத்தக்க முயற்சி. ஆனால், அதற்கு முன் எழுந்த பெரும்பாலான கட்டடங்கள், நிலநடுக்கத்தைக் கணக்கில் கொள்ளாத பழைய பிரிட்டிஷ் தரத்தைப் பின்பற்றியே வடிவமைக்கப்பட்டன. தீபகற்பத்தில் நிலநடுக்கம் வராது என்ற எண்ணத்தோடு எழுந்த கட்டடங்கள் அவை. ஆகவே, பணி நான்கு படிகளாக நடைபெற வேண்டும்.

முதற்படி, கணக்கெடுப்பு. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள மருத்துவமனைகள், தீயணைப்பு நிலையங்கள், துயர்துடைப்பு மையங்கள், பேரபாயத் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். எந்த ஆண்டில், எந்த மண்ணின் மீது, எந்தத் தரத்தின்படி கட்டப்பட்டவை என்பதைப் பொதுப்பணித் துறையின் பொறியியலாளர்களும் புவியியல் வல்லுநர்களும் ஆராய வேண்டும். கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் தூண்கள் மட்டுமே தாங்கி நிற்கும் கட்டடங்களை முதலில் கவனிக்க வேண்டும். நிலநடுக்கத்தில் எளிதில் சரிபவை அத்தகைய கட்டடங்களே.

இரண்டாம் படி, பிணைத்தல். அலமாரி, மின்னாக்கி, நீர்த்தொட்டி, எரிவாயுக் கலன் ஆகியவற்றை உறுதியாகப் பொருத்தும் பணியைப் பெரிய திட்டங்களுக்காகக் காத்திராமல் உடனே தொடங்கலாம்.

மூன்றாம் படி, புதிய கட்டடங்கள். முக்கியக் கட்டடம் எதுவும் நிலநடுக்கக் கணக்கு இல்லாமல் இனி எழக்கூடாது. பழைய கட்டடங்களைப் பொறுத்தவரை, பெரிய அளவில் புதுப்பிக்கும் வேளையிலேயே அவற்றை வலுப்படுத்துவது சிக்கனமான வழி.

நான்காம் படி, ஒளிவின்மை. தொழிற்சாலைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு, அங்கே என்ன சேமிக்கப்பட்டுள்ளது, அபாய ஒலி கேட்டால் எத்திசையில் செல்ல வேண்டும் என்பவை தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலை, தீயணைப்புத் துறை, பள்ளி, குடியிருப்பாளர் சங்கம் ஆகியவை இணைந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி நடத்துவது நல்லது.

இப்பணியில் மாணவர்களுக்கும் பங்குண்டு. தங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்தில் வேதிப்பொருள் புட்டிகள் எந்தத் தட்டில் உள்ளன, நூலக அலமாரி சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து ஆசிரியரிடம் தெரிவிப்பது பெரிய செயலாகத் தோன்றாது. ஆனால், பாதுகாப்பு இத்தகைய சிறு கவனிப்புகளிலிருந்தே வளர்கிறது.

2025-இல் சிகாமட் நிலம் கொடுத்தது மென்மையான எச்சரிக்கை. உயிர் எதையும் பறிக்காமல் கிடைத்த எச்சரிக்கையைப் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு எல்லா நாடுகளுக்கும் அமைவதில்லை. புஜ் நகரத்துக்கு அது அமையவில்லை. இஸ்மித் நகரத்துக்கும் அமையவில்லை. அடுத்த அதிர்வு எப்போது வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால், அது வரும் நாளில் மருத்துவமனையின் விளக்குகள் எரிய வேண்டும். தீயணைப்பு வண்டி புறப்பட வேண்டும். எண்ணெய்த் தொட்டி கசியாமல் நிற்க வேண்டும். இவை நிகழுமா என்பது, நிலம் அமைதியாக இருக்கும் இந்நாள்களில் எடுக்கப்படும் முடிவுகளையே பொறுத்திருக்கிறது.